மாற்றுப்பாதையில் உளுந்து

சின்ன ஓடைப்பட்டி,
19.2.1989

மதிப்பிற்குரிய ராஜரத்தினம் மாமா அவர்களுக்கு,

மருமகன் ஐயாதுரை ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். தாங்களும் அத்தையும் கிருபாபாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லாரி நலமில்லை என்பதைத் தங்கள் கார்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கார்டில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒன்று, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் நூல் பேல் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நம் லாரி, பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது ஏன். இரண்டு, அதன் அடியில் அரை ஏக்கர் உளுந்துச் செடி சுற்றியிருந்தது எப்படி. மூன்று, இதெல்லாம் நடக்கும்போது நான் ரோட்டோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததாக டிரைவர் சேதுபதி சொல்வது உண்மையா.

மூன்றாவது உண்மை. மற்ற இரண்டுக்கும் விளக்கம் இருக்கிறது. கொஞ்சம் நீளம்.

தாங்கள் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மதுரையில் ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி செய்கிறார். சாலைப் போக்குவரத்தால் சமுதாயத்துக்கு வரும் நன்மை எவ்வளவு, அதற்குச் சமுதாயம் கொடுக்கும் விலை எவ்வளவு, இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும். இதுதான் விஷயம். எம்.ஏ. பொருளாதாரம் முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்த எனக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு கட்டுப் படிவம் கொடுத்து இந்த ஊருக்கு அனுப்பினார்கள். படிவத்தில் இடது பக்கம் நன்மை. வலது பக்கம் தீமை. நடுவில் ஒரு கோடு.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் மெயின் ரோட்டிலிருந்து ஓர் இடத்தில் பிரிந்து, ஆறு கிலோமீட்டர் வளைந்து, இந்த ஊர் வழியாக வந்து, மறுபடியும் அதே மெயின் ரோட்டில் போய்ச் சேருகிறது. ஏன் பிரிந்தது, பிரிந்தது ஏன் சேர்ந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இதில் ஒரே ஒரு டவுன் பஸ். காலை ஆறே முக்காலுக்கு ராஜபாளையம் போகும். சாயங்காலம் திரும்பி வரும். அதை மார்ச் முதல் தேதியிலிருந்து நிறுத்திவிடலாமா என்று பஸ் அலுவலகம் யோசிக்கிறது. என் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று பேராசிரியர் சொன்னார். ரோட்டில் நடமாட்டம் இருந்தால் பஸ் இருக்கும். இல்லையென்றால் இருக்காது. ஏழு நாள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து நான் எண்ண வேண்டும்.

எண்ணுவது தனிமையான காரியம். முதல் நாள் பதினான்கு வண்டிகள் வந்தன.

வண்டிகளுக்கு மதிப்பு உண்டு. காருக்கு ஒன்று. பஸ்ஸுக்கும் லாரிக்கும் மூன்று. சைக்கிளுக்கு அரை. மாட்டு வண்டிக்கு எட்டு. ரோட்டை எவ்வளவு அடைத்துக்கொள்கிறதோ அவ்வளவு மதிப்பு. இதை நான் கருத்தப்பாண்டி அண்ணாச்சியிடம் விளக்கினேன். அவர் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது உளுந்து விவசாயம். காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போவார். தன் மாட்டு வண்டி மூன்று லாரிக்குக் கொஞ்சம்தான் கம்மி என்று தெரிந்ததும் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார். “மாடு நடுரோட்டுல படுத்துட்டா எம்புட்டு தம்பி?” என்று கேட்டார். படிவத்தில் இல்லை என்றேன். எழுதி அனுப்பிக் கேட்கச் சொன்னார்.

இரண்டாவது நாள்தான் அந்தப் பஸ்ஸை நான் உண்மையில் பார்த்தேன்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன் மேல் நிதானமாக ஏறிப் போனது. போய் நின்றது. டிரைவர் பின்னால் எடுத்து, மறுபடியும் ஒரு தடவை முன்னால் விட்டார். நான் கண்டக்டர் மலைச்சாமியிடம் காரணம் கேட்டேன். உரியாத காய் நிறையக் கிடந்தது என்றார். இந்த ஊரில் தனக்கு ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட்தான், ஆனால் ஒன்பது வருஷமாக இந்த ஊர் உளுந்து பூராவும் தன் பஸ் டயருக்கு அடியில்தான் உரிந்திருக்கிறது, பொங்கலுக்குப் பொங்கல் டிரைவருக்கும் தனக்கும் ஆளுக்கு நாலு படி வந்துவிடும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, இதை எழுத வேண்டாம் என்றார். எழுத இடமும் இல்லை. ‘பஸ் ஏற்றிய சரக்கு’ என்று ஒரு வரி இருந்தது. உளுந்தைப் பஸ் ஏற்றவில்லை. உளுந்தின் மேல் பஸ் ஏறியது.

அந்த ஒரு டிக்கெட் மாடத்தி அக்கா. கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் தம்பி மனைவி. புருஷன் வடக்கே ராணுவத்தில் இருக்கிறார். இரண்டு குழந்தைகள். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வேலை, காலை எட்டு மணி ஷிப்ட். ஊரில் மற்றவர்கள் சைக்கிளில் போவார்கள், இல்லையென்றால் போக மாட்டார்கள். பஸ் இல்லாவிட்டால் இந்த அக்கா மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுவில் ஓடை, உடைமரங்கள், விடியாத இருட்டு. மாமியார் அனுப்ப மாட்டார். பஸ் நின்றால் வேலை நின்றது. இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. மலைச்சாமி சொன்னார்.

மூன்றாவது நாள், செவ்வாய்க்கிழமை, ஏழு மணிக்கு ஒரு லாரி வந்தது. நான் எழுந்து நின்றேன். பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு வேன். கல்யாணக் கார் ஒன்று, மாலையோடு. கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் காலேஜ் பஸ் ஒன்று. மத்தியானத்துக்குள் இருநூறு தாண்டிவிட்டது. பென்சில் இரண்டு தடவை சீவினேன். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவும் ஊருக்குள் பரப்பியிருந்த உளுந்தின் மேல்தான் போயின. பெண்கள் முறம் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் காத்திருந்தார்கள், ஒரு இடைவெளி கிடைத்தால் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. டவுன் பஸ்ஸைத் தவிர எல்லா வண்டிகளும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போயின. எதுவும் திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். மனிதர்கள் ஓர் ஊரைக் காலி செய்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் செய்கிறார்கள். தொழில் நகரங்களின் வெறுமையைப் பற்றியும், மனம் கோயில் உள்ள திசையை நோக்கி நகர்வதைப் பற்றியும் பேராசிரியருக்கு ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். அது நல்ல கட்டுரை என்று இப்போதும் நினைக்கிறேன்.

புதன்கிழமை ஒரு மொபெட் உளுந்தில் வழுக்கி விழுந்தது. ஓட்டியவர் முழங்கையில் சிராய்ப்பு. ‘தீமை’ பக்கத்தில் ‘விபத்து: ஒன்று’ என்று எழுதினேன். பெண்கள் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், அவர் இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

இனி நம் லாரி.

வியாழக்கிழமை ஆறரை மணி. சேதுபதி அண்ணன் வந்தார். அதற்குள் உளுந்து முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நாலு பேர் காட்டுச் செடியை ஒரே நாளில் கொட்டியிருந்தார்கள். நம் லாரி பாதியில் நின்றுவிட்டது. கொடி அச்சைச் சுற்றி, அச்சு மேலும் கொடியைச் சுற்றி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. பின்னால் நாற்பத்தாறு வண்டிகள். எதிர்ப்பக்கம் ஆறே முக்கால் பஸ், அதற்குப் பின்னால் எதுவும் இல்லை, ஆனாலும் அது போக வழியில்லை. சேதுபதி அண்ணன் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, மொதலாளி வண்டி. எந்திரிச்சு வந்து ஒரு கை புடிங்க.”

எண்ணுகிறவன் எண்ணப்படுவதில் கை வைக்கக் கூடாது என்று படிவத்தின் முதல் பக்கத்தில் விதி இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன்.

“சரி. படிச்சவிய,” என்றார். அரிவாளை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

நான் எழுதினேன். தாமதம், நிமிஷக் கணக்கில். நின்ற ஆட்கள், தலைக் கணக்கில். காலேஜ் பஸ்ஸிலிருந்து மெக்கானிக்கல் படிக்கும் பையன்கள் இறங்கி வந்து அச்சைப் பற்றி மூன்று கருத்துகள் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். வரிசையில் நின்ற ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளையை இறக்கி நடக்கவைத்தார்கள். ஒன்பதரைக்கு நாலு ஜோடி மாடு கட்டி லாரியை வெளியே இழுத்தார்கள். மாடு பூட்டிய வண்டிக்கு எட்டு, லாரிக்கு மூன்று. எட்டு மூன்றை இழுப்பதை நான் கண்ணால் பார்த்தேன். படிவத்தின் மேல் எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது.

போகும்போது சேதுபதி அண்ணன், என்னைப் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்து, மெயின் ரோட்டில் ஒரு மிலிட்டரிக்காரர் நின்று கைகாட்டி எல்லோரையும் இந்தப் பக்கம் அனுப்புவதாகச் சொன்னார். நான் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

ரோடு பிரியும் இடத்தில் ஒரு தார் டிரம். இரண்டு கட்டு உடைமுள். ஒரு கம்பில் சிவப்புத் துண்டு. பழைய கதவுப் பலகையில் தாரால் ‘மாற்றுப்பாதை’ என்று எழுதி ஓர் அம்புக்குறி. கருத்தப்பாண்டி அண்ணாச்சி பழைய யூனிபார்மில் நின்று, வருகிற வண்டிகளுக்கு ஒரு சல்யூட் வைத்துத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். சல்யூட் வைத்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

“அண்ணாச்சி, இது யாரு வச்ச போர்டு?”

“நாந்தான். ஏன், எழுத்து சரியில்லையா?”

எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்கா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

“தம்பி, நீ எண்ணுறது ஒன் சோலி. அதுக்கு நாங்க ஏன் மெனக்கெடுதோம்? பஸ்ஸு நிக்கப் போகுதுன்னதும் எல்லாப் பயலும் ஒண்ணுபோலச் செடியப் புடுங்கிட்டான். ஒத்த பஸ்ஸு எம்புட்டுத்தான் மிதிக்கும்? இவனுவ மெயின் ரோட்டுல சும்மாதான போறானுவ. செத்த நேரம் நம்ம பக்கமா வந்துட்டுப் போனா என்ன கொறஞ்சிரும்?”

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளை ஏன் திருப்பவில்லை என்றேன்.

“போர்டு ஒண்ணுதான இருக்கு.”

மாமா, என் ஆறு பக்கமும் அந்த ஒரு வரியில் முடிந்தது.

அன்று சாயங்காலம் மாடத்தி அக்கா புளியமரத்தடிக்கு வந்தார். காலையில் பஸ் சிக்கியதால் மில்லுக்கு இரண்டரை மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்கு அப்படியே இருந்தது.

“தம்பி, ஒங்க நோட்டுல நான் இருக்கேனா?”

பஸ் இருக்கிறது என்றேன். பஸ்ஸுக்கு மூன்று. உள்ளே ஐம்பது பேர் இருந்தாலும் மூன்று, யாருமே இல்லாவிட்டாலும் மூன்று.

“அப்ப நான் ஏறுனாலும் ஏறாட்டியும் ஒண்ணுதான்.”

படிவத்தின்படி ஆமாம் என்றேன். பிறகு, நிஜமாக ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று கேட்டார். பதினான்கு என்றேன். வந்தது எத்தனை என்றார். நானூறு என்றேன்.

“வந்தது நெசந்தான தம்பி?”

இரண்டு வருஷம் தர்க்கம் ஒரு பாடமாகப் படித்திருக்கிறேன். படிவத்தை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். வந்தது நிஜம். ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன். ஏன் வந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. போர்டைப் பற்றி எழுதினால் நான் யோக்கியன், பஸ் கிடையாது. எழுதாவிட்டால் பஸ் உண்டு. நான் என்ன என்பது கொஞ்சம் குழப்பம்.

நேற்று சனிக்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஓர் அங்குல இடம் இருந்தது. ‘உளுந்து அறுவடைக் காலம்’ என்று எழுதினேன். மூன்று சொல். மூன்றும் உண்மை. கட்டி அனுப்பிவிட்டேன். பஸ் பிழைத்தது என்று மாடத்தி அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “சரி தம்பி” என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் லேசாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

ஆகவே மாமா, நம் லாரி இழந்த நாலு மணி நேரம் வீண் போகவில்லை. நடுவில் கோடு போட்டுப் பார்த்தேன். வலது பக்கம்: தங்கள் நாலு மணி நேரம், கல்யாண மாப்பிள்ளையின் கால்வலி, ஒரு முழங்கை, சேதுபதி அண்ணன் என்னோடு பேசாதது. இடது பக்கம்: ஊர் உளுந்து பூராவும், மோர் இரண்டு சொம்பு, ஒரு பெண்ணுக்கு ஒரு பஸ். இடது தட்டு இறங்குகிறது. தாங்களும் அந்த நாலு மணி நேரத்தை நன்மைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். கிருபாபாய் விசாரித்தால் நான் நன்றாக எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொல்லவும். விசாரிக்காவிட்டாலும் சொல்லலாம். கர்த்தர் தங்கள் குடும்பத்தையும் லாரியின் ஆறு டயர்களையும் காப்பாராக.

தங்கள் அன்பு மருமகன்,
ஐயாதுரை

பின்குறிப்பு (13.3.1989): இதை உறையில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பு இல்லாததால் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இருபத்திரண்டு நாளாகிவிட்டது. தங்கள் இரண்டாவது கார்டும் மூன்றாவது கார்டும் கிடைத்தன. மூன்றாவதில் இருந்த வார்த்தைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெயின் ரோட்டில் ஒரு பாலத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். எந்த ரோடு கனத்தைத் தாங்கும் என்று அதிகாரிகள் தேடியிருக்கிறார்கள், என் எண்ணிக்கை அவர்கள் கைக்குப் போயிருக்கிறது, ஒரு நாளைக்கு நானூறு வண்டி போகிற ரோடு என்று பார்த்ததும் இதையே மாற்றுப்பாதையாக அறிவித்துவிட்டார்கள். புது போர்டு வரத் தாமதமானதால் கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் பலகையையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டு எக்ஸ்பிரஸ் பஸ் இந்த வழியாகப் போகின்றன. எட்டு எக்ஸ்பிரஸ் போகிற ரோட்டில் டவுன் பஸ் எதற்கு என்று அதை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் இந்த ஊரில் நிற்காது.

மாடத்தி அக்கா மூன்று நாள் ரோட்டோரத்தில் நின்றார். மூன்று நாளும் ஆறே முக்கால் எக்ஸ்பிரஸ் அவர் சேலையை அசைத்துவிட்டுப் போனது. மூன்று நாளும் நான் பஸ்ஸுக்கு மூன்று என்று எழுதினேன். (என்னை மறுபடியும் இங்கேயே அனுப்பியிருக்கிறார்கள். எண்ணிக்கை மிகவும் நம்பிக்கை தந்ததாம்.) நாலாவது நாள் அண்ணாச்சி, அக்கா நிற்கிற இடத்தில் சரியாக, முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பினார். எக்ஸ்பிரஸ் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. அக்கா ஏறிவிட்டார். இங்கே ஸ்டாப் இல்லை என்று கண்டக்டர் சொன்னார். “நிக்கலையே அண்ணே, ஓடுற பஸ்ஸுலதான ஏறுனேன்,” என்று அக்கா சொன்னது மரத்தடி வரைக்கும் கேட்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டார். கொள்ளு முடிந்தால் என்ன செய்வது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கொத்தமல்லி இருக்கிறது, பிறகு சோளம், எதுவும் விளையாவிட்டால் வைக்கோலைப் போடுவோம் என்றார்.

நம் லாரியும் இனி தினமும் இந்த வழியாகத்தான் வரும். ஆறே முக்காலை ஒட்டி வர வேண்டாம் என்று சேதுபதி அண்ணனிடம் சொல்லவும். வந்து சிக்கினால் ஒரு கை பிடிக்கிறேன். எழுந்து வர வேண்டிய வேலையும் இப்போது இல்லை. கொள்ளின் மேல் ஏறிய பஸ்ஸுக்குப் படி உயரமாக இருக்கிறது என்று, நாற்காலியை மாடத்தி அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அதன் மேல் நின்றுதான் அவர் ஏறுகிறார். நான் நின்றுகொண்டு எண்ணுகிறேன்.